அடங்காப்பற்றும் அடங்காத் தமிழரும்

‘அடங்குதல்’ என்னும் வினை தமிழில் இருமுகம் உடையது. புலன் அடங்கியவனைச் சான்றோன் என்று போற்றுகின்ற அதே உலகம், பிறனுக்கு அடங்கியவனை அடிமை என்று இகழ்கின்றது. வள்ளுவனார் அடக்கமுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதனைத் தம் நூலின் பதின்மூன்றாம் அதிகாரமாக அமைத்தார். எங்கள் வன்னி நாட்டாரோ, தம் நிலத்துக்கு அடங்காப்பற்று என்னும் பெயர் வழங்கிற்று என்பதை இன்றும் தலைநிமிர்ந்து சொல்லுவர். யாழ்ப்பாணத்து அரசர்க்கும், போர்த்துக்கேயர்க்கும், ஒல்லாந்தர்க்கும் முழுமையாகப் பணியாத வன்னியர்கள் ஆண்ட நிலம் இது. 1803 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய பண்டாரவன்னியன் பெயரைச் சொல்லாத பாடசாலை விழா எங்கள் பகுதியில் இல்லை.

இந்த அடங்காப்பற்றின் ஒரு பகுதியாகிய வவுனியாத் தொகுதியைப் பாராளுமன்றத்திலே பிரதிநிதித்துவம் செய்து, அமைச்சராகவும் வீற்றிருந்த ஒருவருக்கு ‘அடங்காத் தமிழன்’ என்பதே பட்டப்பெயராயிற்று. அவரே செல்லப்பா சுந்தரலிங்கம் அவர்கள். மண்ணின் பெயரும் மனிதரின் பெயரும் இவ்வாறு ஒத்து வந்தமையை யான் பல மேடைகளிலே நயம்பட எடுத்துரைத்துக் கைதட்டலும் பெற்றிருக்கின்றேன். நயம் வேறு, உண்மை வேறு என்பதை எனக்கு உணர்த்தியவர்கள் என் மாணவர் இருவர்.

கீழைத்தேயக் கலாசாலை ஒன்றிலே தமிழ் கற்பிப்பவன் யான். சென்ற ஆண்டு, நம் மண்ணோடு தொடர்புடைய பெரியார் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வரைந்து வருமாறு மாணவர்க்குப் பணித்தேன். மறுவாரம் ஒரு மாணவி எழுந்து, “ஐயா, எங்கட மலைநாட்டு ஆக்களுக்காக மந்திரிப் பதவிய விட்ட ஒருவர் வவுனியாவில இருந்தவராம். உண்மையா?” என்று வினவினாள். அவளுடைய பாட்டனும் பாட்டியும் 1977 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். “உண்மைதான் பிள்ளை” என்று யான் மகிழ்ச்சியோடு சொல்லத் தொடங்கும்போதே, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, அவர்தானே மாவிட்டபுரத்தில கோயில் வாசலை மறிச்சு நிண்டவர்? ஐயா எழுதின கட்டுரையில அது இல்லையே” என்றான்.

அவன் குறிப்பிட்ட கட்டுரை, பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலருக்காக யான் எழுதியது. நூலகத்திலே அதனைத் தேடி எடுத்து வாசித்திருக்கின்றான். அவன் சொன்னது உண்மை. அக்கட்டுரையில் 1968 ஆம் ஆண்டு இல்லை. அன்று யான் யாதும் கூறாது பாடத்தை முடித்தேன். அவ்விருவர்க்கும் யான் சொல்லக் கடமைப்பட்ட விடையே இன்றைய கட்டுரை.

சுந்தரலிங்கம் அவர்கள் 1895 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 19 ஆம் திகதி யாழ்ப்பாணத்து உரும்பிராயிலே பிறந்தவர். கல்வியாற் சிறந்த சகோதரர் பலருள் ஒருவர். உயர்நீதிமன்ற நீதியரசராய் விளங்கி, 1954 ஆம் ஆண்டிற் சிறிது காலம் மகாதேசாதிபதியின் கடமைகளையும் நிறைவேற்றிய நாகலிங்கம் அவர்கள் இவருடன் பிறந்தவரே. சுந்தரலிங்கம் யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியிலும், கொழும்பு சூசையப்பர் கல்லூரியிலும் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, பின் ஒக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிலே கணிதத்தில் உயர்சிறப்புப் பெற்றார். சட்டமும் கற்றார். குடியேற்ற நாட்டு இளைஞர் கனவிலும் விரும்பிய சிவில் சேவை உத்தியோகம் கைக்கு வந்தும், அதிலே நீடித்திருக்கவில்லை. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் உப அதிபராய்ப் பணியாற்றினார். பௌத்த மக்களின் பெருங்கல்லூரி ஒன்றிலே ஒரு சைவத் தமிழர் அப்பதவியில் இருந்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதை இளையோர் அறிதல் நன்று. அதன் பின் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியராக அமர்ந்தார்.

கணித அறிஞர் அமைச்சராதல் அரிதேயன்றிப் புதிதன்று. பிரான்சு தேசத்திலே வானியலுக்கும் நிகழ்தகவுக்கும் இலக்கணம் வகுத்த லாப்பிளாசு என்னும் பேரறிஞரை நெப்போலியன் 1799 ஆம் ஆண்டில் உள்நாட்டமைச்சர் ஆக்கினான். ஆறு வாரங்களிலேயே அவர் பதவி முடிந்தது. எவ்விடயத்திலும் நுணுக்கத்தையே தேடி, மிகச் சிறு அளவைகளின் கணிதத்தை ஆட்சிக்குள்ளும் கொண்டுவந்து விட்டார் என்று நெப்போலியன் பிற்காலத்திற் குறைபட்டுக்கொண்டான். அதே பிரான்சிற் பெயின்லவே என்னும் கணித அறிஞர் 1917 ஆம் ஆண்டிலும் மீண்டும் 1925 ஆம் ஆண்டிலும் பிரதம மந்திரியாகவே விளங்கினார். ஆகவே, எண்ணறிந்தவர்க்கு ஆட்சி வாராது என்று பொதுவிதி கூறவொண்ணாது. எண்களைப் போல மனிதரும் ஒரு விதிக்குள் நின்று நடப்பர் என்று எதிர்பார்ப்பதிலேதான் இடர் தோன்றுகின்றது.

சுந்தரலிங்கம் அவர்களின் அரசியற் கணக்கிலும் முதற் பதிவே விசித்திரமானது. டொனமூர் அரசியலமைப்பின்படி, அரசாங்க சபையின் உறுப்பினர் ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிவர். ஒவ்வொரு குழுவும் தெரியும் தலைவரே மந்திரியாவார். உறுப்பினரை இன்ன முறையிற் பங்கிட்டு அமர்த்தினால் ஏழு தலைவர் பதவியும் சிங்களவர்க்கே கிட்டும் என்பது ஒரு கணக்கு. 1936 ஆம் ஆண்டில் அவ்வாறே தனிச் சிங்கள மந்திரிசபை அமைந்தது. அக்கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் இக்கணிதப் பேராசிரியரே என்று அரசியல் வரலாறு எழுதினோர் பலர் குறித்துள்ளனர். டி. எஸ். சேனநாயக்க அவர்களோடு அவருக்கிருந்த நட்பு அத்துணை நெருக்கமானது. பிற்காலத்திலே தமிழர்க்குத் தனியரசு வேண்டுமென்று முதன்முதற் குரலெழுப்பிய சிலருள் ஒருவரான இவரே, அக்காலத்தில் இக்கணக்கோடும் சேர்த்துப் பேசப்படுகின்றார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்வோம்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே அவர் வவுனியாத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று வென்றார். தொண்ணூற்றைந்து தெரிவு உறுப்பினர் கொண்ட அச்சபையிலே ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்த ஆசனம் நாற்பத்திரண்டே. ஆட்சியமைக்கத் துணை வேண்டியிருந்தது. தமிழ்க் காங்கிரஸ் ஏழு ஆசனங்களோடு எதிரே அமர்ந்திருக்க, சுயேச்சைத் தமிழர் இருவர் அமைச்சரவையிற் சேர்ந்தனர். மன்னார்ச் சிற்றம்பலம் அவர்கள் தபால் தந்தி அமைச்சரானார். வவுனியாச் சுந்தரலிங்கம் அவர்கள் செப்டெம்பர் மாதம் 26 ஆம் திகதி வர்த்தக வாணிப அமைச்சரானார். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையிலே எங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஓர் இடம் வாய்த்தது இவ்வாறே.

என் பாட்டனார் குளத்தடியிற் கமஞ்செய்தவர். “கொழும்பில எங்கட மந்திரி இருக்கிறார் எண்டு சொல்லுறதே அப்ப ஒரு தெம்பு” என்று அக்காலத்தைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். மழை பொய்த்தால் குளமும் பொய்க்கும், மலேரியாவோ மறவாது வரும் என்றிருந்த கிராமத்தார்க்கு அத்தெம்பு சிறிதன்று.

ஆயினும் அத்தெம்பு பதினைந்து மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்தாற் போதாது, தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்குப் பிறந்திருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. தேயிலைத் தோட்டத்து லயத்திலே பிறப்புப் பத்திரம் யார் எழுதி வைத்தார்? ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஒரு சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையிலே சுந்தரலிங்கம் அவர்களும் இருந்தார் என்பதை மறைத்தல் கூடாது.

அதன் பின் வந்தது இந்திய பாகிஸ்தானியர் வதிவிடக் குடியுரிமை மசோதா. 1946 ஆம் ஆண்டு தொடங்குமுன், மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டினாலன்றிக் குடியுரிமை இல்லை என்றது அது. 1948 டிசம்பரில் அம்மசோதாவின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்புக்கு வந்தபோது, அமைச்சர் சுந்தரலிங்கம் வாக்களியாது சபையை விட்டு வெளியேறினார். பிரதமர் விளக்கம் கேட்டார். நண்பருக்கு விளக்கம் எழுதிச் சமாதானம் செய்துகொள்வது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவரோ பதவியைத் துறந்தார். சில மாதங்களுக்கு முன் எதிர்வரிசையில் நின்று முதற் சட்டத்தை எதிர்த்த தமிழ்க் காங்கிரஸ் தலைவர் பொன்னம்பலம் அவர்கள், அதற்குள் அமைச்சராகி இம்மசோதாவை ஆதரித்தார். ஒருவர் நுழைந்த வாயிலால் மற்றவர் வெளியேறினார். பொன்னம்பலம் அவர்களோடு முரண்பட்ட செல்வநாயகம் அவர்கள் மறு ஆண்டு டிசம்பரிலே தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

இங்கு ஒரு காலப் பொருத்தம் நினைவுக்குரியது. அதே 1948 டிசம்பர் மாதத்திலேதான், 10 ஆம் திகதி, பாரிசு நகரிலே கூடிய ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்பது அதன் பதினைந்தாம் உறுப்புரை. பாரிசிலே உலகம் அதனை ஏற்ற மாதத்தில், கொழும்பிலே ஒரு மக்கட்கூட்டம் அதனை இழக்கும் வழி சட்டமாய்க்கொண்டிருந்தது. 1947 ஆம் ஆண்டிலே இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஏழுபேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மலையகம், 1952 ஆம் ஆண்டில் ஒருவரையும் அனுப்ப இயலாமற் போயிற்று. 1964 ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, இன்னும் ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர்ப் பார்ப்போம் என்று விட்டு வைத்தது. நாடற்றோர் என்னும் அவப்பெயரை நீக்க 2003 ஆம் ஆண்டில் வந்த சட்டம் வரையிலே செல்லவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டு நீண்ட அத்துயரின் தொடக்கத்திலே, ஆட்சிக் கதிரையை விட்டு எழுந்த அமைச்சர் அவர் என்பது சிறிய செய்தியன்று. என் மாணவியின் கேள்விக்கு விடை, ஆம் என்பதே.

அமைச்சர் பதவியை விட்ட பின்னரும் அவர் ஓய்ந்தாரல்லர். 1951 ஆம் ஆண்டிலே சிங்கக்கொடி தேசியக்கொடியாக ஏற்கப்பட்டபோது, அதனை எதிர்த்து உறுப்பினர் பதவியையே துறந்தார். இடைத்தேர்தலில் மக்கள் மீண்டும் அவரைத் தெரிந்தனர். 1952 ஆம் ஆண்டிலும் தெரிந்தனர். 1955 ஆம் ஆண்டிலே எதிர்ப்பின் அடையாளமாக மூன்று மாதம் தொடர்ந்து சபைக்குச் செல்லாதிருந்தமையால் ஆசனம் வறிதாயிற்று. மறுபடியும் தெரிந்தனர். 1956 ஆம் ஆண்டிலும் தெரிந்தனர். ஒன்பது ஆண்டிலே ஐந்து முறை. “நாங்கள் அனுப்பிக்கொண்டே இருந்தம், அவர் திரும்பி வந்துகொண்டே இருந்தார்” என்று பாட்டனார் சிரிப்பார். அச்சிரிப்பிற் பெருமையும் இருந்தது, சலிப்பும் இருந்தது. தெருவும் குளக்கட்டும் ஆசுபத்திரியும் வேண்டிநின்ற மக்கள், கொள்கைக்காக ஒருவர் எழுந்து போதலை எத்தனை முறை தாங்குவர்?

தனிச் சிங்களச் சட்டம் 1956 ஆம் ஆண்டில் நிறைவேறியது. தமிழர்க்கு இனித் தனியரசே வழியென்று, சமஷ்டி கேட்ட தமிழரசுக் கட்சியினும் முந்திச் சென்று அவர் முழங்கினார். 1959 ஆம் ஆண்டில் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி என்னும் அமைப்பை நிறுவினார். 1960 மார்ச் தேர்தலில் வவுனியா மக்கள் அவரைக் கைவிட்டனர். 1970 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறையிற் செல்வநாயகம் அவர்களை எதிர்த்துப் போட்டியிட்டும் தோற்றார். தனிநாடு கேட்டவர் தோற்க, சமஷ்டி கேட்டவர் வென்ற தேர்தல் அது. ஆறு ஆண்டு கழித்து வட்டுக்கோட்டையிலே செல்வநாயகம் அவர்களின் தலைமையிற் கூடிய மாநாடு தனியரசுத் தீர்மானத்தை ஏற்றது. அரசியலில் முந்தியுரைத்தவனுக்குப் பயன் கிட்டுதல் அருமை.

இனி, என் பழைய கட்டுரை தாண்டிச் சென்ற ஆண்டுக்கு வருவோம்.

1968 ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிற் திருவிழாக் காலத்திலே, தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் உள்ளே சென்று வழிபடும் உரிமை வேண்டி வாயிலில் அறவழியிலே கூடினர். தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் அதற்கு முந்திய ஆண்டுகளிலே சங்கானை முதலிய ஊர்களில் நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சி அது. கோவிற் கதவின் முன் அவர்களை மறித்து நின்றோருக்குத் தலைமை தாங்கியவர், முன்னாள் அமைச்சரும், ஒக்ஸ்போர்டிற் கற்றவரும், கணிதப் பேராசிரியருமாகிய நம் சுந்தரலிங்கமே. அப்போது அவருக்கு வயது எழுபத்திரண்டு. சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருந்தது. அச்சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. குற்றவாளியெனக் காணப்பட்டுத் தண்டமும் விதிக்கப்பட்டது.

ஆகம மரபைக் காத்தற்கே நின்றார் என்று அவர் பக்கம் பேசுவோர் கூறுவர். அவர் தம் கொள்கையிலே உண்மையாகவே உறுதி கொண்டிருந்தார் என்பதை யானும் மறுக்கவில்லை. கூலிக்கு நின்றவரல்லர், வாக்குக்கு நின்றவருமல்லர். ஆனால் உறுதி என்பது தன்னளவில் அறமாகி விடாது. கதவுக்கு வெளியே வெயிலில் இருந்தவர்கள் யாசித்தது யாது? தம் முன்னோர் வாழ்ந்த ஊரிலே, தாம் வணங்கும் தெய்வத்தின் முன், மற்றவர் நிற்கும் இடத்திலே நிற்றற்கு உரிமை. மலையகத்து மக்கள் கேட்டதும் இதனின் வேறன்று. பிறந்த நாட்டிலே மற்றவர் நிற்கும் இடத்திலே நிற்றற்கு உரிமை. முன்னதை ஒருவாறு உணர்ந்து பதவியை உதறியவர், பின்னதை உணராது வாயிலை மறித்தார்.

இரு வாயில்கள் என் கண்முன் நிற்கின்றன. ஒன்று பாராளுமன்ற வாயில். பிறரை வெளியே தள்ளும் மசோதாவுக்குக் கை உயர்த்த மனமின்றி அதனூடே அவர் வெளியேறினார். மற்றது கோவில் வாயில். பிறரை வெளியே நிறுத்துவதற்காக அதன் முன்னே அவர் நின்றார். இரண்டிடத்தும் அரசின் சட்டத்துக்கு அவர் அடங்கவில்லை. முதலிடத்திலே சட்டம் அநீதி, அடங்காமை அறம். இரண்டாமிடத்திலே சட்டம் நீதி, அடங்காமை கொடுமை. ‘அடங்காத் தமிழன்’ என்னும் ஒரே பட்டத்தால் இவ்விரண்டையும் மூடி, மேடையிலே முழங்கி, கைதட்டல் வாங்கினேனே, அதுவே யான் செய்த பிழை. யாருக்கு அடங்கவில்லை என்பதோடு, யாரை அடக்க முற்பட்டார் என்பதையும் சேர்த்துக் கேட்டாலன்றி அச்சொல்லுக்குப் பொருள் நிரம்பாது.

கூட்டலையும் கழித்தலையும் வைத்து மீதி காணலாமே என்பீர்கள். கணிதப் பேராசிரியர் ஒருவரின் வாழ்வுக்கு அது பொருத்தமாகவும் தோன்றும். ஆயினும் என் மாணவியின் பாட்டனாருக்கு அவர் செய்தது, என் மாணவனின் பாட்டனாருக்கு அவர் செய்ததைக் கழித்து விடாது. இது அதையும் கழித்து விடாது. இருவரும் ஒரே வகுப்பிலே இருக்கின்றனர். ஒருவருக்கு மட்டும் உண்மை சொல்லி மற்றவருக்கு மறைத்தல் ஆசிரியத் தொழில் ஆகாது.

என் மலர்க் கட்டுரையில் அவ்வாண்டை ஏன் விட்டேன் என்று பல நாள் சிந்தித்தேன். மங்கலமான மலரிலே அமங்கலம் எதற்கு என்று கருதினேன் என்பது என் முதற் சமாதானம். அதனைத் தோண்டிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. அக்கோவில் வாயிலிலே என் குடும்பத்தார் எவரும் மறிக்கப்பட்டவரல்லர். மறிக்கப்படாதவனுக்கு மறதி எளிது.

சுந்தரலிங்கம் அவர்கள் 1985 ஆம் ஆண்டு பெப்ரவரி 11 ஆம் திகதி, தொண்ணூறு வயது நிரம்பு முன் காலமானார். யான் அப்போது பாடசாலை மாணவன். அதன்பின் இந்த நாடு கண்ட போரும் அழிவும் யாவரும் அறிந்தவை. தொகுதி எல்லைகள் மாறின, மக்கள் இடம்பெயர்ந்து மீண்டனர். மீண்டு வந்து குளத்தடியிற் குடியமர்ந்தவர்களுள் வன்னியின் பழங்குடியினரும் உளர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும் உளர், மலையகத்திலிருந்து வந்தோரும் உளர். அவர்கள் பிள்ளைகள் ஒரே வாங்கிலிருந்து நன்னூற் சூத்திரம் படிக்கின்றனர்.

அம்மாணவியும் மாணவனும் தங்கள் கட்டுரைகளை எழுதி முடித்தனர். அவள் கட்டுரையிலே 1968 ஆம் ஆண்டு இருந்தது. அவன் கட்டுரையிலே 1948 ஆம் ஆண்டு இருந்தது. யான் சொல்லி எழுதியவர்கள் அல்லர். ஒருவர் தாளை மற்றவர் வாங்கி வாசித்திருந்தனர். இருவர்க்கும் சமமாகவே புள்ளியிட்டேன்.

நம் முன்னோர் அச்சிட்ட நூல்களின் இறுதியிலே ‘பிழையும் திருத்தமும்’ என்றொரு பக்கம் இருக்கும். பதிப்பித்தவர் தம் பிழையைத் தாமே எடுத்துக் காட்டி, இன்ன பக்கத்தில் இன்ன வரியை இவ்வாறு திருத்திக் கொள்க என்று வாசகரைப் பணிவோடு வேண்டுவர். நூலை மதிப்பவர் அப்பக்கத்தைக் கிழித்தெறிவதில்லை. என் பழைய மலர்க் கட்டுரை இன்றும் நூலகத்தில் இருக்கின்றது. அதனை எடுத்து வாசிக்கும் மாணவர், இதனையும் அதன் இறுதியிற் சேர்த்து வைத்துக்கொள்வாராக.